தோற்றவர் அடுத்த கூட்டத்துக்கும் வர வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

ஆன்மிகமும் ஜனநாயகமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியுமா என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும் என்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். உங்களுக்கு அது போதவில்லை போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதையே பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. எனவே இந்த இதழ் முழுக்க அந்தப் பேச்சுதான். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் குருவும் இல்லை, சாமியாரும் இல்லை. ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் பல வருடம் கூட்டங்களுக்கு மினிட்ஸ், அதாவது பேசியதையும் முடிவானதையும் குறிப்பாக, எழுதியவள். நாலு பேர் உட்கார்ந்து ஒரு முடிவெடுப்பதற்குள் என்னென்ன கூத்து நடக்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

கேள்வி: தினமும் காலையில் அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். 'பாட்டி, நீ கண்ணை மூடி உட்கார்ந்தா நாட்டுக்கு என்ன லாபம்?' என்று பேத்தி கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பேத்தி கேட்டதில் தப்பே இல்லை. கண்ணை மூடியிருக்கும் அந்த அரை மணி நேரத்தால் நாட்டுக்கு ஒன்றும் வரப்போவதில்லை. கண்ணைத் திறந்த பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஜனநாயகம் என்றதும் ஓட்டுப் போடுவதைத்தான் நினைக்கிறோம். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மறுநாள் ஒரு தரப்பு தோற்றிருக்கும். நாட்டில் மட்டுமா? சங்கத்தில், பள்ளியின் பெற்றோர் குழுவில், ஏன், விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் கை தூக்கச் சொன்னால்கூட ஒருவராவது தோற்பார். தோற்றவருக்கு மூன்று வழி இருக்கிறது. கோபித்துக்கொண்டு விலகிப் போகலாம். உள்ளே இருந்துகொண்டே காரியத்தைக் கெடுக்கலாம். அல்லது, 'என் கருத்து இன்னும் அதேதான், ஆனாலும் முடிவு எடுத்தாயிற்று, என் பங்கு வேலையைச் செய்கிறேன், அடுத்த முறை மறுபடியும் கேட்பேன்' என்று இருக்கலாம். இந்த மூன்றாவது ரகத்து ஆட்கள் போதுமான அளவு இல்லாத இடத்தில் எந்தச் சட்டமும் நிற்காது. அப்படிப்பட்டவர்களைச் சட்டம் போட்டு உண்டாக்கவும் முடியாது. பழக்கத்தில் வர வேண்டும்.

அதனால் தியானம், ஜெபம், தொழுகை, நோன்பு, மௌனம் என்று எதைக் கொண்டுவந்து காட்டினாலும் எனக்கு ஒரே அளவுகோல்தான்: தான் நினைத்தது நடக்காதபோது இந்த மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்? மூச்சைக் கவனித்து உட்காருகிறவர்களுக்குத் தெரியும். ஓர் எண்ணம் வரும், இழுக்கும், பின்னால் போகாமல் விட்டால் தானே அடங்கும். கூட்டத்தில் ஒருவர் உங்கள் யோசனையை வெட்டிப் பேசும்போது உள்ளே எழும்புவதும் அதே சரக்குதான். அதைக் கண்டுகொண்டு அரை நிமிடம் வாயை மூடியிருக்க முடிகிறதா? முடிந்தால் காலை அரை மணி நேரம் வீண் போகவில்லை.

பேத்தியிடம் வாதாடாதீர்கள். வீட்டில் அடுத்த சண்டை வரும்போது என்னைக் கவனித்துப் பார் என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்சம் ஆபத்தான பதில்தான், இருந்தாலும் வேறு நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒவ்வொரு தடவையும் கத்தலில்தான் முடிகிறது. தொடக்கத்தில் ஒரு பிரார்த்தனைப் பாட்டு வைத்தால் மனம் அமைதியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பாட்டு வேண்டாம். யாருடைய பாட்டு என்பதிலேயே அடுத்த சண்டை தொடங்கிவிடும். தவிர, கூட்டத்தின் தொடக்கத்தில் யாரும் கத்துவதில்லை. கத்தல் நடுவில் வருகிறது. மருந்தையும் அங்கேதான் போட வேண்டும்.

க்வேக்கர்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. அவர்களுடைய பழைய முறை வழிபாட்டில் பாதிரியார் கிடையாது, பிரசங்கம் கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளிருந்து உந்துதல் வந்தவர் எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். என்னைக் கவர்ந்தது அவர்களுடைய நிர்வாகக் கூட்டம். கணக்கு வழக்கு, கட்டடப் பழுது என்று எதைப் பேசினாலும் அதையும் வழிபாட்டின் தொடர்ச்சியாகவே நடத்துகிறார்கள். ஒருவர் பேசி முடித்ததும் சற்று நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னது உள்ளே இறங்கட்டும் என்று விடுகிறார்கள். அப்புறம்தான் அடுத்தவர். ஒருவருக்கொருவர் பதிலடி கொடுப்பதில்லை. பேச்செல்லாம் கூட்டத்தை நடத்துகிறவரை நோக்கித்தான். அவருக்குத் தலைவர் என்ற பட்டம்கூட இல்லை, கிளார்க் என்றுதான் பெயர். வாக்கெடுப்பே கிடையாது. கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் திரண்டிருக்கிறது என்று கிளார்க் கணித்து, அங்கேயே எழுதி, அங்கேயே உரக்கப் படிப்பார். ஆமாம், இதுதான் நாம் வந்து சேர்ந்த இடம் என்று இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது தீர்மானம்.

இந்தக் கடைசி ஏற்பாட்டின் மீது எனக்குப் பொறாமையே உண்டு. நான் எழுதிய கூட்டங்களில் அன்றைக்கு ஒன்று பேசுவார்கள். அடுத்த மாதம் நான் படித்துக் காட்டும்போது, 'அப்படியா சொன்னோம்?' என்று ஆளாளுக்கு ஆரம்பிப்பார்கள். பழைய கூட்டத்தில் என்ன நடந்தது என்ற சண்டையிலேயே புதிய கூட்டத்தில் பாதி போய்விடும். அங்கேயே எழுதி அங்கேயே படித்தால் அதற்கு இடமில்லை.

உங்கள் சங்கத்தில் ஒருவர் பேசி முடித்ததும் மனத்துக்குள் பத்து எண்ணும் வரை அமைதி என்று வையுங்கள். எல்லோரும் ஒரு சுற்றுப் பேசாமல் யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. எடுத்த முடிவைக் கலைவதற்கு முன்பே படித்துவிடுங்கள். முதல் கூட்டத்தில் சிரிப்பார்கள். பழகாதவர்களுக்கு அந்தப் பத்து விநாடி தாங்க முடியாததாக இருக்கும். ஒருவர் செருமுவார், ஒருவர் ஃபோனை எடுப்பார், ஒருவர் 'சரி, அப்புறம்?' என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். கத்துகிறவர் பெரும்பாலும் தன் பேச்சு யார் காதிலும் விழவில்லை என்ற பயத்தில்தான் கத்துகிறார். அவர் பேசி முடித்ததும் அறையே நின்று கேட்கிறது என்று தெரிந்தால் குரல் தானாக இறங்கும்.

ஆனால் வாக்கெடுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லோர் மனமும் ஒப்பும்வரை காத்திருப்பது கேட்க அழகாக இருக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சில சமயம் கூட்டத்தில் இல்லாதவர்கள் கொடுக்க நேரும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஜெர்மன்டவுன் என்ற ஊரில், 1688-இல் க்வேக்கர்கள் நாலு பேர் அடிமை முறை அநியாயம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, தங்களுக்கு மேலே இருந்த க்வேக்கர் சபைக்கு அனுப்பினார்கள். விஷயம் மிகப் பெரியது, நாங்கள் முடிவு சொல்ல முடியாது என்று ஒரு சபை இன்னொரு சபைக்குத் தள்ளிவிட்டது. அடிமை வைத்திருப்பவர்களுக்கு உறுப்பினர் தகுதி கிடையாது என்று அந்தப் பகுதி க்வேக்கர்களின் உச்ச சபையான ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் முடிவுசெய்தது 1776-இல். 88 வருடம்! நடுவில் ஜான் உல்மன் போன்றவர்கள், அடிமை வைத்திருந்த சக க்வேக்கர்களின் வீடுகளுக்கே போய்ப் பொறுமையாகப் பேசினார்கள். அந்தப் பொறுமைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த 88 வருடமும் அடிமையாக உழைத்தவர்களின் பொறுமை எவ்வளவு என்று யார் கணக்கு எழுதினார்கள்?

உங்கள் வளாகத்திலும் காவலாளி இருப்பார், துப்புரவு செய்கிறவர் இருப்பார். அவர்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தை, 'எல்லோரும் ஒத்துவரட்டும், பார்க்கலாம்' என்று யாராவது தள்ளிப்போட்டால் அன்றைக்குக் கை தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இந்தப் பேச்சில் எனக்கு இடம் உண்டா?
– பெயர் வேண்டாம் என்றவர்

தாராளமாக. நான் பார்த்தவர்களில் மிகப் பொறுமையாக அடுத்தவருக்குக் காது கொடுத்த மனிதர் பழுத்த நாத்திகர். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு நோட்டில், அன்றைக்கு யாரிடம் கடுமையாகப் பேசினோம், எங்கே பேசாமல் இருந்திருக்கலாம், எங்கே பேசியிருக்க வேண்டும் என்று சுருக்கமாக எழுதி வைப்பார். ஜெசூட் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய இதையே செய்து வருகிறார்கள். அந்தச் சபையை நிறுவிய லொயோலா இக்னேஷியஸ் வகுத்துக் கொடுத்தது. மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த விவரத்தை நான் அந்த நாத்திகரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நோட்டைக் கிழித்துப் போட்டிருப்பார்.

கேள்வி: எங்கள் அமைப்பில் தலைவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு இல்லை. இத்தனை வருடத்தில் எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. இந்த ஒற்றுமைக்கு எங்கள் கூட்டுப் பிரார்த்தனைதான் காரணம் என்கிறார் அவர். பெருமைப்படலாமா?
– ஓர் அமைப்பின் உறுப்பினர்

எல்லாமே ஏகமனதாகவா? எனக்கு உதறுகிறது.

ஒரு கூட்டம் கண்ணுக்குள் நிற்கிறது. சங்கக் கட்டடத்தின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது பற்றி. தலைவர், 'எல்லாருக்கும் சம்மதம்தானே?' என்று கேட்டுக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். பின்வரிசையில் ஒருவருடைய கை தோள் உயரம் வரை எழுந்தது. தலைவர் நிமிரவே இல்லை. அந்தக் கை அப்படியே போய்க் காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. 'ஏகமனதாக நிறைவேறியதுன்னு எழுதும்மா' என்றார் தலைவர். 'பின்வரிசையில் ஐயா ஏதோ சொல்ல வந்தார்' என்று சொல்லிவிட்டு நான் பேனாவை மூடினேன். அறையில் ஒரு சங்கடம். அவர் தயங்கித் தயங்கி எழுந்து, வாடகைக்கு வருகிறவர் யார் என்று கேட்டார்.

தலைவரின் மைத்துனர்.

விட்டது சரியா தப்பா என்பது வேறு கதை. கேள்வி எழுந்தது, பதில் வந்தது, இரண்டும் மினிட்ஸில் ஏறின. பிரார்த்தனை ஒருவரை அந்தக் கையைத் தூக்கும் அளவுக்குத் தைரியப்படுத்த வேண்டும். காதைச் சொறிய வைத்தால் அந்தப் பிரார்த்தனையில் ஏதோ கோளாறு.

பௌத்தத் துறவிகளிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. மழைக்காலத்தில் பிக்குகள் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்குவார்கள். மூன்று மாதம் சேர்ந்து வாழ்ந்தால் ஒருவர் மீது ஒருவருக்கு எவ்வளவு மனக்குறை சேரும் என்று கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரியும் முன் பவாரணை என்று ஒரு சடங்கு. ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன்னால் கைகூப்பி, 'என்னிடம் நீங்கள் கண்ட குறை, கேட்ட குறை, சந்தேகப்பட்ட குறை இருந்தால் இரக்கத்தோடு சொல்லுங்கள், உணர்ந்தால் திருத்திக்கொள்கிறேன்' என்று மும்முறை கேட்க வேண்டும். முதலில் கேட்பவர் யார் தெரியுமா? மூத்தவர். அங்கிருந்து, துறவு பூண்ட மூப்பு வரிசையில் கீழே வரும். இளையவரிலிருந்து ஆரம்பித்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். பெரியவரே கைகூப்பி நிற்பதைப் பார்த்த பிறகு சின்னவர்களுக்கு வாய் திறக்கும்.

கிறிஸ்தவ மடங்களுக்கு 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய விதிகளிலும் இப்படி ஒன்று உண்டு. முக்கியமான விஷயம் வந்தால் மடத்தில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், ஏனென்றால் எது நல்லது என்பதைக் கடவுள் பல சமயம் இளையவருக்குத்தான் காட்டுகிறார் என்று எழுதியிருக்கிறார். கடைசி முடிவு மடத்தலைவர் கையில்தான், அதனால் இதை ஜனநாயகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டே ஆக வேண்டும். உங்கள் தலைவரிடம் அந்த அளவுக்காவது எதிர்பார்க்கலாம்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையை உங்கள் தலைவருக்கு நினைவுபடுத்துங்கள். பிக்கு சங்கங்களுக்கு நாடாளுமன்ற நடைமுறை தெரிந்திருந்தது என்று அதில் சொன்னார். தீர்மானம், கோரம் (கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது), வாக்கு எண்ணுவது, கண்டனத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் விதிகள் இருந்தன என்றார். அதே உரையில்தான் இன்னொன்றும் சொன்னார். மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தியும் வீர வழிபாடும் சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச் செல்லும் என்று. சங்கத்தை மெச்சியவரேதான் பக்தியை எச்சரித்தார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் நெருங்கிய தோழி ஒருத்தியோடு ஒரு தீர்மானம் பற்றி வாக்குவாதம் வந்து, பேச்சே நின்றுபோய்விட்டது. தப்பு என் பக்கம் மட்டும் இல்லை. நான் ஏன் முதலில் போக வேண்டும்?
– வாசகி ஒருவர்

உங்கள் கடிதத்தில் நல்ல கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. மன்னிப்பதில் பலருக்கும் சிரமம் இல்லை. முதலில் போவதில்தான் சிரமம். முதலில் போகிறவர் தோற்றவர் ஆகிவிடுவாரோ என்ற கணக்கு.

சமணர்கள் இந்தக் கணக்கை நாள்காட்டியைக் கொண்டு தீர்த்திருக்கிறார்கள். சுவேதாம்பரர்கள் என்ற சமணப் பிரிவினரின் பர்யூஷண விரத நாட்களில் கடைசி நாள் சம்வத்சரி. அன்றைக்கு ஒருவரை ஒருவர் பார்த்து, 'மிச்சாமி துக்கடம்' என்பார்கள். நான் செய்த தீங்கு பயனற்றுப் போகட்டும் என்று பொருள். எல்லோரும் எல்லோரிடமும் கேட்க வேண்டிய நாள் அது. யார் முதலில் என்ற பேச்சே எழாது. தேதி வந்துவிட்டது, கேட்கிறோம், அவ்வளவுதான். மானம், மரியாதை எல்லாம் பத்திரமாக இருக்கும். இதையே ஒரு படமாகச் செய்து ஃபோனில் இருக்கும் அத்தனை எண்ணுக்கும் மொத்தமாக அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பகையாளியின் பெயரும் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும்.

உங்கள் குழுவுக்கு இப்படி ஒரு தேதி வைக்கச் சொல்வேன். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய நாள் நல்ல நாள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் போய்ப் பேசுங்கள். பேசும்போது உங்கள் பங்குத் தப்பை மட்டும் சொல்லுங்கள். 'நீ மட்டும் என்ன' என்று ஒரு வால் சேர்த்தீர்கள் என்றால் போகாமலே இருந்திருக்கலாம். இன்னொன்று, அந்தத் தீர்மானத்தைப் பற்றிய உங்கள் கருத்தை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. சொன்ன விதத்துக்குத்தான் மன்னிப்பு.

கேள்வி: தினமும் செய்யக்கூடிய ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்கள். நேரம் இல்லை.
– கல்லூரி மாணவர்

உங்களுக்கு அறவே பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒருவருக்கு நல்லது நடக்கட்டும் என்று தினமும் நினையுங்கள். அவருடைய பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும். 'எல்லாரும் நல்லா இருக்கட்டும்' என்று மொத்தமாக முடித்துவிடக் கூடாது. பௌத்தத்தின் மெத்தா தியானம், அதாவது அன்பை வளர்க்கும் தியானம், இப்படித்தான் படிப்படியாக, அன்புக்குரியவர், முன்பின் தெரியாதவர் என்று போய்க் கடைசியில் பகையாளிக்கு வந்து சேரும். அப்படி ஒருவரையும் தெரியாது என்கிறீர்களா? அப்படியானால் ஒருவரைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கேள்வி: எங்கள் பிரார்த்தனைக் குழுவுக்கு வேற்று மதத்தவர் சிலர் வர விரும்புகிறார்கள். எங்களில் ஒரே ஒருவர் மட்டும் எதிர்க்கிறார். அவரை ஒதுக்கிவிட்டு நடத்தலாமா?
– குழு ஒருங்கிணைப்பாளர்

1947 ஏப்ரல் தொடக்கத்தில் டெல்லியில் காந்தியின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டம். பல மத நூல்களிலிருந்தும் ஓதுவது அங்கே வழக்கம். குர்ஆன் வரிகள் வந்ததும் ஓர் இளைஞர் எழுந்து ஆட்சேபித்தார். காலம் அப்படி, நாடு பிளவுபட இருந்த நேரம். சுற்றியிருந்தவர்கள் அவரை வெளியே தள்ளப் பார்த்தார்கள். காந்தி விடவில்லை. அன்றைய பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். மறுநாளும் ஆட்சேபம், மறுநாளும் பிரார்த்தனை இல்லை. ஆட்சேபம் விலகிக்கொண்ட பிறகுதான் கூட்டம் பழையபடி நடந்தது.

இதில் இரண்டு பிடிவாதம் இருப்பதைக் கவனியுங்கள். எதிர்த்தவரைத் தள்ளவில்லை. குர்ஆனைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் ஓதவும் இல்லை. முன்னதைத் தள்ளியிருந்தால் கூட்டத்துக்கு வசதி, பின்னதைத் தள்ளியிருந்தால் எதிர்த்தவருக்கு வசதி. இரண்டு வசதியையும் அவர் மறுத்தார். ஒருவருடைய ஆட்சேபத்துக்கு இவ்வளவு பலம் கொடுப்பதில் எனக்குச் சின்னத் தயக்கம் உண்டு, க்வேக்கர் கதையில் சொன்ன அதே தயக்கம். அதனால் ஒரு கெடு வையுங்கள். அதற்குள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, எதற்கு பயப்படுகிறார் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை இப்படி எதிர்ப்பவர்களில் பலருக்குக் கொள்கை காரணமாக இருப்பதில்லை. பழகிய பாட்டு போய்விடுமோ, தன் இடம் போய்விடுமோ என்பதுதான்.

கதவைப் பற்றி இன்னொரு கதை. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில், நிக்கோலாய் தேவாலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் அமைதிக்கான ஜெபம் நடந்தது. எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பது அந்தத் தேவாலயத்தின் கொள்கை. 1989 அக்டோபர் 9 அன்று ஆளுங்கட்சி தன் ஆட்களை நூற்றுக்கணக்கில் முன்கூட்டியே அனுப்பி இருக்கைகளை நிரப்பப் பார்த்தது. யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. வந்தவர்களும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஜெபத்தைக் கேட்டார்கள். அன்று மாலை சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று ஊரே பயந்திருந்தது, நடக்கவில்லை. மெழுகுவத்தி ஏந்த இரண்டு கையும் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று காற்றை மறைக்க, கல் எடுக்கக் கை மிச்சம் இருக்காது என்று அந்தத் தேவாலயத்தின் பாதிரியார் கிறிஸ்டியன் ஃபூரர் பின்னாளில் சொல்வதுண்டு. மறு மாதம் பெர்லின் சுவர் திறந்தது.

கேள்வி: சேவைக்குப் போகும் இடத்தில் எல்லாம் ஃபோட்டோ எடுத்துப் போடுகிறார்களே, இதுவும் ஆன்மிகமா?
– வாசகர் ஒருவர்

எடுத்துவிட்டுப் போகட்டும். பாத்திரமும் கழுவினால் சரி.

பரிமாறுவதைவிடக் கஷ்டமான சேவை ஒன்று இருக்கிறது, வரிசையில் உட்காருவது. சீக்கியர்களின் லங்கரில், அதாவது குருத்வாராவின் பொதுச் சமையல்கூடத்தில், எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே மட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பங்கத் என்பார்கள். சீக்கியர்களின் மூன்றாவது குருவான அமர் தாஸைப் பார்க்க வந்த அக்பர் சக்கரவர்த்தியும் முதலில் அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போனார் என்று சீக்கிய மரபில் ஒரு கதை உண்டு. கொடுக்கிற கைக்கு எப்போதும் ஒரு உயரம் கிடைத்துவிடும். அந்த ஃபோட்டோக்காரரை ஒரு நாள் வாங்குகிற வரிசையில் உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத் தேர்தலில் எங்கள் அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. அதிலிருந்து எதிரணியினர் கூட்டத்துக்கே வருவதில்லை. ஜனநாயக முறைப்படிதானே ஜெயித்தோம், நாங்கள் என்ன செய்ய முடியும்?
– புதிய நிர்வாகி ஒருவர்

ஜெயித்த அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லையே. பட்டாசு உண்டா?

தோற்கப் பழகுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஜெயிக்கவும் பழக வேண்டும். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், பேருந்தில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். தேவாலயங்களில் மாறி மாறிக் கூட்டம் போடுவார்கள். பாட்டு, ஜெபம், அதோடு நாளைக்கு யாருடைய கார் எந்தத் தெருவில் நிற்கும் என்ற ஏற்பாடு. எல்லாம் ஒரே கூரையின் கீழ். கடைசியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். பேருந்தில் மறுபடி ஏறுவதற்கு முன், மார்ட்டின் லூதர் கிங்கும் மற்றவர்களும் மக்களைக் கூட்டி, நாற்காலிகளைப் பேருந்து இருக்கை போல வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் ஓட்டுநராக நடிப்பார், சிலர் கோபக்கார வெள்ளையர்களாக நடிப்பார்கள், சிலர் பயணிகளாக ஏறுவார்கள். நடித்துவிட்டு உட்கார்ந்து பேசுவார்கள். துண்டறிக்கை ஒன்றும் கொடுத்தார்கள். இது நமக்கு மட்டுமான வெற்றி இல்லை, ஊருக்கே ஆனது, பெருமையடிக்காதீர்கள் என்று அதில் இருந்தது. வேறு இடம் காலியாக இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுவிட்டு உட்காருங்கள். திட்டினால் திருப்பித் திட்டாதீர்கள். உரிமையை வென்றவர்களுக்குத்தான் இவ்வளவு அறிவுரையும். அதற்குப் பிறகும் பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, தேவாலயங்களில் குண்டு வெடித்தது. பணிவாக இருந்தால் எதிராளி உடனே இளகிவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை.

உங்கள் எதிராளிகள் அவ்வளவு பொல்லாதவர்கள் இல்லை, வெறுமனே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டு நேரில் போங்கள். ஜெயித்த அணியின் படையோடு வேண்டாம், ஒருவர் போனால் போதும். கணக்குச் சரிபார்க்கும் பொறுப்பை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள். முதல் மாதம் வர மாட்டார்கள். அதனால் என்ன? கூட்டத்தின் மினிட்ஸ் நகலை மாதாமாதம் அவர்கள் வீட்டில் சேர்த்துவிடுங்கள், வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே உள்ள கட்டத்தை யாரும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.